உப்பும் பொடி

டியாடெமாவில், சாவ் பாவ்லோவின் தெற்கு ஓரத்தில்,
கார்த் தகடு அடிக்கும் பட்டறைக்கும்
கண்ணீர் விட்டுப் பாடும் சபைக்கும் நடுவில்
எங்கள் ஆலை.
பெயர்ப்பலகை கிடையாது.
பிறர் பெயரில் விற்பதைத்தான் இங்கே கிண்டுகிறோம்.

கார்போமர் வருகிற பெட்டி பெரிது, எடை கொஞ்சம்.
திறந்தபின் தும்மக் கூடாது.
ஒரு பெருமூச்சுக்கே
என் அரைநாள் கூலி பறந்துபோய் விளக்கில் ஒட்டிக்கொள்ளும்.
வாயைக் கட்டிக்கொண்டு
சுழலும் நீரின் தோளில் சல்லடையைத் தட்டுவேன்,
உட்கார்ந்திருக்கும் கொசுவை நோக்கிக் கை நீட்டுகிற நிதானத்தில்.

அவசரமாய்க் கொட்டினால் மீன்கண் விழும்.
வெளியே வழவழப்பு, உள்ளே உலர்ந்த வெள்ளை.
இரவெல்லாம் அடித்தாலும் கரையாது.
கொப்பரைக்குள் இருந்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சரியாகப் போட்டாலும்
முதலில் ஒன்றும் நடக்காது.
கலங்கல். புளிப்பு. கஞ்சித் தண்ணீர்.
புதிதாய் வந்தவர்கள் இந்த இடத்தில்தான்
இன்னொரு கரண்டி போட்டுக் கெடுப்பார்கள்.

காத்திருந்து காரம் விட வேண்டும்,
சொட்டுச் சொட்டாக.
சுருண்டு கிடந்த இழைகள் அப்போதுதான்
ஆறு மணி பஸ்ஸில் எல்லாரும்
ஒரே நொடியில் முழங்கையை விரித்தாற்போல்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிமிரும்.
நீர் உப்பும்.
கலங்கல் தெளியும்.
துடுப்பு முனகும்.
நூற்றில் அரைப் பங்குதான் பொடி.
மற்றதெல்லாம் தண்ணீர்தான், கொஞ்சம் வாசனையும்.
நிற்கக் கற்றுக்கொண்ட தண்ணீர்.

அதில் மாட்டிய குமிழி
மேலே வராது, கீழேயும் போகாது.
போன வருஷத்து மாதிரிப் புட்டியில்
ஒன்று இன்னும் தொங்குகிறது.
எவர் ஷிஃப்டில் அடைபட்ட காற்றோ.
வேலையை விட்டுப் போன நெய்டேயின் கொட்டாவியாகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை சாண்டோஸிலிருந்து சொலாஞ்ச் வந்தார்.
தன் ஜெல்லுக்குக் 'கடல்' என்று பெயர் வைத்திருந்தார்.
கைப்பையிலிருந்து ஒரு கிலோ கடலுப்பு எடுத்து
மேஜைமேல் வைத்தார்.
"பெயர் மட்டும் கடல், உள்ளே கடலே இல்லையென்றால்
அது பொய்யல்லவா?"
இத்தனை வருஷத்தில்
பொய்யைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் முதலாளி.

"உப்பு ஆகாது" என்றேன்.
வாண்டர்லே என்னைப் பார்த்தான்.
கையெழுத்தாகாத அடுத்த ஆர்டரைப் பார்த்தான்.
"எடிவானியா, திற மூடியை" என்றான்.
இருநூறு கிலோ.

உப்பில்லாப் பண்டம்தான் குப்பைக்குப் போகும் என்று
எவர் சொன்னாரோ,
அவர் இந்தக் கொப்பரையைக் கிண்டியதில்லை.

முதலில் துடுப்பின் முனகல் நின்றது.
பிறகு விரித்த முழங்கைகள் எல்லாம் மடங்கின.
எங்கெங்கோ சிக்கியிருந்த குமிழிகள்
விடுதலை கிடைத்ததுபோல் ஒன்றாய் ஏறி வந்து
பட் பட்டென்று உடைந்தன.
சொலாஞ்ச் எட்டிப் பார்த்தார்.
கரண்டியில் மொண்டு சாய்த்தார்.
ஓடியது.
"நிஜக் கடலேதான்" என்றார் மெல்ல.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதற்காகத்தான் வாண்டர்லே
சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை.
உப்பைப் போட்டதற்காக அல்ல,
நான் சொன்னது பலித்ததற்காக.

பஸ் நிறுத்தத்தில்
பையிலிருந்த நேற்றைய மாதிரியைப் பிதுக்கினேன்.
புறங்கையில் கண்ணாடி மணி மாதிரி நின்றது ஒரு சொட்டு.
பதினொரு மணிநேர வியர்வை காய்ந்த கை.
விரல் பட்டதும்
நீராகி மணிக்கட்டுக்கு வழிந்தது.

'தோலைத் தொட்டதும் உருகும்' என்று
பெட்டியில் அச்சடிக்கிறோம்.
உருகுவதில்லை. தோற்கிறது,
எங்கள் எல்லார் தோலிலும் இருக்கிற
துளி உப்பிடம்.
அந்தத் தோல்வி குளிர்ச்சியாக இருக்கிறது என்றுதான்
காசு கொடுத்து வாங்குகிறார்கள்.
எனக்கும் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பஸ் வந்தது.
உள்ளே அத்தனை பேரும் விரித்திருந்தார்கள்.
நானும் என் முழங்கையை விரித்துக்கொண்டு
ஏறினேன்.